வழுவைக் கண்டுபிடிப்பவருக்கு ஏன் சம்பளம் குறைவு? மென்பொருள் சோதனைத் தொழிலும் எங்கள் வீட்டு வருமானமும்

ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரை மாதங்களில் என் மேசை ரி4 படிவங்களால் நிறைந்து விடும். வருமானவரி செய்ய வரும் எம்மவர் குடும்பங்களில் ஒரு குறிப்பிட்ட சோடியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கணவர் மென்பொருள் நிரலாளர், மனைவி மென்பொருள் சோதனையாளர். இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அளவு படிப்பு, ஒரே அளவு அனுபவம். ஆனால் மனைவியின் ரி4 படிவத்தில் 14ஆம் பெட்டியில் உள்ள தொகை கணவருடையதில் முக்கால் பங்காக இருக்கும்.

ஒரு தங்கச்சி என்னிடம் நேரே கேட்டார்: "அண்ணை, இவர் மாதிரி ஆக்கள் விடுகிற பிழையைக் கண்டுபிடிக்கிறதே நான்தான். பிறகு ஏன் எனக்குக் குறைவு?" அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. நான் வணிகமாணி படித்து, போரில் இடம்பெயர்ந்து, இங்கே வந்து இரவில் களஞ்சிய வேலை செய்துகொண்டு மீண்டும் கணக்கியல் பரீட்சை எழுதியவன். கணினித் தொழில் என் துறை அல்ல. ஆனால் சம்பளமும் ஒப்பந்தமும் வரியும் என் துறை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். சட்ட விபரங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. எண்கள் பெரும்பாலும் அமெரிக்க அரசின் புள்ளிவிபரங்கள். இந்தத் தொழிலைத் தனியாகப் பிரித்து எண்ணிக் காட்டுவதில் அவையே தெளிவானவை.

யார் இந்தச் சோதனையாளர்?

ஒரு மென்பொருள் வாடிக்கையாளரின் கைக்குப் போவதற்கு முன் அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் சோதனையாளர். வங்கியின் கைபேசிச் செயலியில் பணம் அனுப்பினால் இரண்டு தடவை கழிபடுமா, பெயரில் ஓர் எழுத்துக் கூடினால் பதிவு நின்றுவிடுமா, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் நுழைந்தால் தாங்குமா என்றெல்லாம் திட்டமிட்டுச் சோதித்து, வழுக்களை எழுதிக் கொடுத்து, திருத்திய பின் மறுபடியும் சோதிப்பது அவர் வேலை. கையால் செய்யும் சோதனை ஒரு வகை. நிரல் எழுதி, அந்த நிரலைக் கொண்டு சோதிக்கும் தானியங்கிச் சோதனை இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சம்பள வித்தியாசத்தைப் பிறகு பார்ப்போம்.

இது தனித் தொழிலாக வளர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஆரம்பத்தில் நிரல் எழுதியவரே அதைச் சோதித்தார். எழுதுபவரின் மனநிலை வேறு, பிழை தேடுபவரின் மனநிலை வேறு என்பதை 1979இல் வெளியான கிளென்ஃபோர்ட் மையர்ஸின் நூல் அழுத்திச் சொன்னது. 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினை வந்தபோது உலகம் முழுவதும் சோதனையாளருக்குத் தேவை ஏற்பட்டது. 2002இல் சர்வதேச அளவிலான சான்றிதழ் சபை ஒன்று உருவாகியது. ஐ.எஸ்.ரி.கியூ.பி. என்று விளம்பரங்களில் காணும் சான்றிதழ் அதனுடையது.

ரொறன்ரோப் பகுதியில் எம்மவர் பலர் இந்தத் தொழிலுக்குள் வந்ததும் இந்த வழியால்தான். மாலை வகுப்பு, சில மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், பிறகு ஒரு முகவர் மூலம் முதல் ஒப்பந்தம். பட்டப்படிப்பு இருந்தும் அதை இந்த நாடு ஏற்காத நிலையில் இருந்தவர்களுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின் வேலைக்குத் திரும்பிய பெண்களுக்கும் திறந்திருந்த கதவு இது. அந்தக் கதவால் வந்து வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய குடும்பங்கள் உண்டு. எனவே இந்தத் தொழிலைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல.

எண்கள் சொல்வது

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்தின் 2024 மே மாதக் கணக்கின்படி மென்பொருள் நிரலாளரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,33,080 டொலர். மென்பொருள் தர ஆய்வாளர், சோதனையாளரின் இடைநிலைச் சம்பளம் 1,02,610 டொலர். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறுகிறார்கள் என்று பொருள். வித்தியாசம் 30,470 டொலர். நிரலாளர் 1 டொலர் பெறும் இடத்தில் சோதனையாளர் 77 சதம் பெறுகிறார்.

ஆள் எண்ணிக்கையில் நிரலாளர் சுமார் 17 இலட்சம் பேர், சோதனையாளர் சுமார் 2 இலட்சம் பேர். நிரலாளரில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். சோதனையாளரில் அந்தப் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆசிய வம்சாவளியினர் அந்த நாட்டின் தொழிலாளரில் பதினான்கில் ஒருவர் அளவில் இருக்க, இந்த இரண்டு தொழில்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரே அலுவலகத்தின் ஒரே மாடியில் பெண்கள் அதிகம் இருக்கும் வரிசைக்குச் சம்பளம் குறைவு.

ஒரு கணக்காளனாக எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. சோதனையாளரை நிரலாளரிடமிருந்து பிரித்துக் காட்டும் அமெரிக்கச் சம்பளக் கணக்கு 2021 மே மாதத்திலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முன் சில வருடம் இருவரையும் ஒன்றாகக் கூட்டினார்கள். அதற்கும் முன் சோதனையாளர் "ஏனைய கணினித் தொழில்கள்" என்ற தலைப்புக்குள் போட்டு மூடப்பட்டிருந்தார்கள். பேரேட்டில் தனிக் கணக்கு இல்லாத ஒன்றைப் பற்றி எந்த முகாமையாளரும் கேள்வி கேட்பதில்லை. சோதனையாளரின் சம்பள வித்தியாசமும் அப்படித்தான் பல வருடம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

கனடாவில் ஒரே வேலைக்கு இரண்டு இலக்கங்கள்

கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் சோதனையாளருக்கு இரண்டு இடம் உண்டு. 22222 என்ற இலக்கம் தகவல் அமைப்புச் சோதனைத் தொழில்நுட்பப் பணியாளருக்கு உரியது. அது இரண்டாம் தரம், அதாவது கல்லூரி டிப்ளோமா அளவு. 21222 என்ற இலக்கம் தகவல் அமைப்பு நிபுணருக்கு உரியது. அது முதலாம் தரம், அதாவது பல்கலைக்கழகப் பட்ட அளவு. தர உறுதிப்பாட்டு ஆய்வாளர் இந்த இரண்டாவது இலக்கத்துக்குள் வருகிறார்.

இந்த இலக்கம் சம்பளத்தைச் சட்டப்படி நிர்ணயிப்பதில்லை. ஆனால் சம்பள ஒப்பீடுகள், குடிவரவு விண்ணப்பங்கள், வேலை வழங்குநரின் பதவிப் படிநிலைகள் எல்லாவற்றிலும் அது நிழல்போல வரும். சோதனைத் திட்டத்தைத் தானே வகுத்து, தர நடைமுறையை எழுதி, மற்றவர்களை வழிநடத்தும் ஒருவர் "சோதனைத் தொழில்நுட்பப் பணியாளர்" என்ற பெயரோடு பத்து வருடம் இருந்தால் அவர் எப்போதும் கீழ்ப்படியோடுதான் ஒப்பிடப்படுவார். எங்கள் ஆட்கள் பதவிப் பெயரைப் பெரிதாக எடுப்பதில்லை. "பெயர் என்னவென்றாலும் பரவாயில்லை, வேலை கிடைத்தால் காணும்" என்று கையெழுத்து வைத்து விடுகிறோம். வந்த முதல் வருடத்தில் அது சரி. பத்தாவது வருடத்தில் அது நட்டம்.

ஏன் இந்த வித்தியாசம்?

முதலாவது காரணம், நல்ல சோதனையின் பலன் கண்ணுக்குத் தெரியாது. நிரலாளர் ஒரு புதிய வசதியைக் காட்டலாம். சோதனையாளர் காட்டக்கூடியது நடக்காத விபத்தை மட்டும்தான். இதை நான் கணக்காய்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. கணக்காய்வாளரும் மற்றவரின் பிழையைத் தேடுபவர்தான். ஆனால் அவருக்குக் கீழ்நிலை இல்லை. ஏனென்றால் பொது மக்களுக்குப் பங்கு விற்கும் நிறுவனங்கள் அவரின் கையெழுத்து இல்லாமல் தங்கள் கணக்கை வெளியிட முடியாது என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலான மென்பொருளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டமும் தரக் கட்டுப்பாடும் சோதனையை வற்புறுத்தும் மருத்துவக் கருவி, விமான மென்பொருள் போன்ற துறைகளில் சோதனையாளரின் சொல்லுக்கு எடை கூடும். விமான மென்பொருளுக்கான டி.ஓ.178சி தரநிலை, ஆபத்துக் கூடிய பகுதிகளை எழுதியவர் அல்லாத இன்னொருவரே சரிபார்க்க வேண்டும் என்கிறது.

நடக்காத விபத்தின் விலை என்ன என்பதைக் கனடா இரண்டு தடவை பார்த்திருக்கிறது. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற, கனடாவில் தயாரான கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அவர்களில் ஒருவர் எங்கள் ஹமில்ரன் நகரில் சிகிச்சை பெற்றவர். மென்பொருள் வழுக்களும் போதாத சோதனையும் அதன் காரணங்களில் அடங்கும். இரண்டாவது, 2016இல் மத்திய அரசு தன் ஊழியருக்காகத் தொடங்கிய பீனிக்ஸ் சம்பள முறைமை. முன்னோட்டச் சோதனையைக் கைவிட்டே அதை நடைமுறைக்கு விட்டார்கள் என்பதைக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2018 அறிக்கை எடுத்துக் காட்டியது. பல்லாயிரக்கணக்கான அரச ஊழியர் சம்பளம் குறைந்தும் கூடியும் வாராமலும் அவதிப்பட்டார்கள். அவர்களில் எம்மவரும் இருந்தார்கள். சோதனைக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு பிறகு செலவானது.

இரண்டாவது காரணம், ஒரு தொழிலில் பெண்கள் கூடும்போது அதன் சம்பளம் இறங்கும் போக்கு. அமெரிக்காவின் 1950 முதல் 2000 வரையான குடித்தொகைக் கணக்குகளை ஆராய்ந்து அசாஃப் லெவனொன், போலா இங்கிலன்ட், போல் அலிசன் ஆகியோர் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படிப்பு, திறன் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும், பெண்களின் பங்கு கூடிய தொழில்களில் சம்பளம் பிறகு குறைந்ததை அது காட்டியது. வேலை மாறாமலே அதற்குக் கொடுக்கும் மதிப்பு மாறிப் போகிறது.

மூன்றாவது, கைச்சோதனைக்கும் தானியங்கிச் சோதனைக்கும் இடையிலுள்ள பிளவு. நிரல் எழுதத் தெரிந்த சோதனையாளரின் சம்பளம் நிரலாளருக்குக் கிட்டப் போகும். கையால் மட்டும் சோதிப்பவருடையது பின்தங்கும். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டளவில் சோதனைக்கென்று தனியாக இருந்த பொறியியலாளர் பதவிகளை நிரலாளர் பதவியோடு சேர்த்தது. மற்றப் பெரிய நிறுவனங்களிலும் அந்தப் போக்கு உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எளிய சோதனைகளைத் தாமே எழுதுகின்றன. எதைச் சோதிக்க வேண்டும், எங்கே ஆபத்து என்று தீர்மானிக்கும் திறனே இனி மிஞ்சும்.

நாலாவது, நேரம். 2023இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற குளோடியா கோல்டின் சொல்வது இதுதான். இன்று ஆண் பெண் சம்பள வித்தியாசத்தின் பெரும்பகுதி வேறு வேறு தொழில் செய்வதால் வருவதில்லை, ஒரே தொழிலுக்குள்ளேயே வருகிறது. முதல் பிள்ளை பிறந்த பின் அது விரிகிறது. எந்த நேரம் கூப்பிட்டாலும் வரக்கூடியவருக்கே கூடுதல் பணம் போகிறது. மென்பொருள் வெளியீடு வெள்ளி இரவும் சனிக்கிழமையும் நடக்கும். சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது எவர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மணிக்கு 42 டொலர்: உண்மையில் எவ்வளவு?

ஐந்தாவது காரணம் என் துறைக்குள் வருவது. சோதனையாளர் பலர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். மணிக் கணக்கில் பார்த்தால் ஒப்பந்தச் சம்பளம் கூடப் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணக் கணக்கு மட்டும்.

ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு. ஒன்று, மருத்துவக் காப்புறுதியோடு ஆண்டுக்கு 70,000 டொலர் நிரந்தர வேலை. மற்றது, மணிக்கு 42 டொலர் ஒப்பந்தம். வாரம் 37.5 மணித்தியாலம், 52 வாரம் என்று பெருக்கினால் 81,900 டொலர் வரும். உடனே ஒப்பந்தம்தான் இலாபம் என்று தோன்றும்.

ஆனால் ஒப்பந்தக்காரருக்குச் சம்பளத்தோடு விடுமுறை இல்லை. 2 வார விடுமுறை, ஒன்ராறியோவின் 9 பொது விடுமுறை நாட்கள், ஒரு ஒப்பந்தம் முடிந்து மற்றது தொடங்க 4 வாரம் என்று கழித்தால் மிஞ்சுவது 44.2 வாரம். அதற்கு 69,615 டொலர். சுயதொழிலாளராக இருந்தால் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் வேலை வழங்குநரின் பங்கையும் அவரே கட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டு வீதமான 5.95 படி அது சுமார் 3,934 டொலர். கையில் நிற்பது 65,681 டொலர். சில செலவுகளை வரியில் கழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் மருத்துவக் காப்புறுதி இல்லை, வேலை போனால் வழமையான வேலையின்மைக் காப்புறுதிப் பணமும் இல்லை. 12,000 டொலர் கூட என்று தோன்றியது 4,000 டொலருக்கு மேல் குறைவாக முடிகிறது.

"கொம்பனி பதிந்தால் வரி குறையும்" என்று முகவர் சொல்வார். இதில் கவனம் தேவை. உங்களிடம் ஒரேயொரு வாடிக்கையாளர், அவர் சொல்லும் நேரம், அவர் தரும் கணினி என்றால் வரித் திணைக்களம் உங்கள் கொம்பனியைத் தனிநபர் சேவை வணிகம் என்று தீர்மானிக்கக்கூடும். அப்போது ஒன்ராறியோவில் 2025ஆம் ஆண்டில் 12.2 வீதமாக இருந்த சிறு வணிக வரி கிடையாது, 44.5 வீதம் கட்ட வேண்டும். பெரும்பாலான செலவுகளையும் கழிக்க விடமாட்டார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு கடிதம் வந்து, வட்டியோடு கட்டிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். கொம்பனி பதியச் சொன்ன முகவர் அப்போது தொலைபேசியை எடுக்கவில்லை.

சட்டம் எங்கே துணை நிற்கும்?

ஒன்ராறியோவில் இரண்டு வேறு சட்டங்கள் உண்டு. வேலைத் தர நியமச் சட்டம், ஒரே இடத்தில் கிட்டத்தட்ட ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்கிறது. மூப்பு, திறமை மதிப்பீடு போன்ற விலக்குகள் உண்டு. இரண்டாவது, 1987இல் நிறைவேறிய சம்பளச் சமத்துவச் சட்டம். இது வேறு வேறு வேலைகளையே ஒப்பிடுகிறது. 10 பேருக்குக் குறைந்த தனியார் நிறுவனங்கள் இதற்குள் வராது. மற்றத் தனியார் நிறுவனங்கள் பொதுவாக வரும். பொதுவாக 60 வீதம் பெண்கள் இருக்கும் வேலைப் பிரிவை, 70 வீதம் ஆண்கள் இருக்கும் பிரிவோடு திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகிய நான்கையும் வைத்து மதிப்பிட வேண்டும். உங்கள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் 10 பேரில் 6 பேர் பெண்கள், நிரலாளர் பிரிவில் 10 பேரில் 7 பேர் ஆண்கள் என்றால் இந்தக் கேள்வியை எழுப்ப இடமுண்டு.

மேலதிக நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது பொது விதி. "தகவல் தொழில்நுட்ப நிபுணர்" என்று சட்டம் வரையறுப்பவருக்கு அது இல்லை. அந்த வரையறையில் ஆராய்தல், பகுத்தல், வடிவமைத்தல், உருவாக்கல், நடைமுறைப்படுத்தல், இயக்குதல், முகாமை செய்தல் என்பன உண்டு. நிபுணத்துவ அறிவும் சுயமான தீர்மானமும் வேண்டும் என்றும் உண்டு. சோதித்தல் என்ற சொல் அதில் இல்லை. எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துச் சோதிக்கும் ஒருவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது கேட்க வேண்டிய கேள்வி. பதவிப் பெயர் அல்ல, செய்யும் வேலையே அதைத் தீர்மானிக்கும். வேடிக்கை என்னவென்றால், சம்பளம் பேசும்போது "நீங்கள் வெறும் சோதனையாளர்" என்கிறார்கள், மேலதிக நேரம் கேட்டால் "நீங்கள் நிபுணர்" என்கிறார்கள்.

ஒப்பந்தக்காரருக்கு இன்னொன்று. 2023 முதல் சில தகவல் தொழில்நுட்ப ஆலோசகர்கள் வேலைத் தர நியமச் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். அதற்கு மணிக்கு 60 டொலருக்குக் குறையாமல் பெற வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. 42 டொலர் பெறுபவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார்.

2026 ஜனவரி 1 முதல், 25 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஒன்ராறியோ நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் சம்பள வீச்சைக் காட்ட வேண்டும். "கனடிய அனுபவம் தேவை" என்று அந்த விளம்பரங்களில் கேட்கவும் முடியாது. அந்தச் சொல்லால் எத்தனை பேர் வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. உங்கள் பதவி விபரத்தை எடுத்து, உண்மையில் செய்யும் வேலையோடு ஒப்பிடுங்கள். திட்டம் வகுப்பது, புதியவரைப் பழக்குவது, வெளியீட்டுக்கு அனுமதி கொடுப்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் பதவிப் பெயரை மாற்றக் கேளுங்கள்.

2. கண்டுபிடித்த பெரிய வழுக்களுக்கு ஒரு சிறிய பேரேடு வையுங்கள். திகதி, என்ன வழு, வெளியே போயிருந்தால் யாருக்கு என்ன நட்டம். நிறுவன இரகசியத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், சுருக்கம் போதும். சம்பளம் பேசும் நாளில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அது.

3. வேலை செய்த மணித்தியாலங்களை ஒவ்வொரு நாளும் குறியுங்கள். பிறகு நினைவிலிருந்து சொன்னால் எவரும் ஏற்கமாட்டார்கள்.

4. ஒப்பந்தம் வந்தால் மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பாருங்கள். கொம்பனி பதிவதற்கு முன் கணக்காளரிடம் கேளுங்கள், பிறகு அல்ல.

5. தானியங்கிச் சோதனை படிக்க மாலையில் நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீட்டில் எவர் விட்டுக் கொடுப்பது என்பதைக் கணவனும் மனைவியும் இருந்து பேசுங்கள். இந்தப் படிப்பின் செலவில் பாதி பணம் அல்ல, நேரம்.

6. சக ஊழியரின் சம்பளத்தைக் கேட்பது எங்களுக்குக் கூச்சம். ஆனால் சம சம்பளம் கிடைக்கிறதா என்று அறிவதற்காக அதைக் கேட்டவரைத் தண்டிக்க ஒன்ராறியோச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

அந்தத் தங்கச்சிக்கு இப்போது நான் சொல்லும் பதில் இதுதான். உங்கள் வேலை குறைந்தது என்பதால் சம்பளம் குறையவில்லை. கணக்கில் தனி இடம் இல்லாமல், பின்னால் சட்டம் இல்லாமல், பெண்களும் புதிதாக வந்தவர்களும் நுழைந்த கதவாக இருந்ததால் குறைந்தது. இதில் பாதியை அரசும் நிறுவனங்களும் திருத்த வேண்டும். மீதியில் ஒரு பங்கை நாங்கள் கேட்டுப் பெறலாம். கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் கணக்குப் பார்த்தால் போதும்.